கையடக்கக் காமிராவும் ஜாரவா மக்களின் அந்தரங்கமும்

தெற்கு அந்தமானில் ஜிர்காட்டாங் என்னும் இடத்தில் ஒரு போலீஸ் சோதனைச் சாவடி உள்ளது. வடக்கு நோக்கிச் செல்லும் வாகனங்கள் அங்கு நிறுத்தப்பட்டு, குறித்த நேரங்களில் மட்டும், காவலுடன் வரிசையாக அனுப்பப்படுகின்றன. வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது. காட்டில் வாழும் மக்களுக்கு உணவுப் பொருள் எதையும் கொடுக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. இவை பயணிகளுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகளில் முக்கியமானவை. முதல் இரண்டையும் மீறுவோரைக் காவலர் எளிதில் கண்டுகொள்ளலாம். மூன்றாவதை மீறுவதற்கு இருக்கையை விட்டு எழ வேண்டியது கூட இல்லை. கைபேசியைச் சன்னலருகே சற்று உயர்த்தினால் போதும்.

தனிமனிதரின் அந்தரங்கம் பற்றிய விவாதம் பெரும்பாலும் நகர வாழ்க்கையைச் சார்ந்தே நடைபெறுகிறது. வங்கிக் கணக்கு, தொலைபேசி எண், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைக் காப்பது எப்படி என்பதே அதன் மையம். ஆனால் புதிய நுகர்பொருள் தொழில்நுட்பம் அந்தரங்கத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு மிகக் கடுமையான சான்று, அத்தொழில்நுட்பத்தை விலை கொடுத்து வாங்காத, அதன் பயனை நுகராத ஒரு சிறு சமுதாயத்திடமே காணப்படுகிறது. அந்தமானின் ஜாரவா மக்களே அச்சமுதாயம்.

காட்டின் ஊடே ஒரு சாலை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதே கணக்கில் ஜாரவா மக்களின் எண்ணிக்கை 380. அதாவது, தீவுகளில் வாழ்வோரில் ஆயிரத்துக்கு ஒருவரே அச்சமூகத்தைச் சேர்ந்தவர். தெற்கு அந்தமான், நடு அந்தமான் தீவுகளின் மேற்குப் பகுதிக் காடுகளில் வேட்டையாடியும், மீன் பிடித்தும், தேனும் கிழங்கும் சேகரித்தும் அவர்கள் வாழ்ந்து வருகின்றனர். ‘ஜாரவா’ என்ற பெயரே பிறர் சூட்டியது. அந்நியர் என்னும் பொருளில் பெரிய அந்தமானியர் வழங்கிய சொல் அது. அவர்கள் தம்மை ‘ஆங்’ என்றே அழைத்துக்கொள்கின்றனர்.

இம்மக்களைக் காப்பதற்காக 1956ஆம் ஆண்டில் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன்கீழ் ஜாரவா மக்கள் வாழும் காடு ஒதுக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டு, வெளியார் அனுமதியின்றி நுழைவது தடை செய்யப்பட்டது. ஆனால் போர்ட் பிளேரையும் வடக்கே உள்ள திக்லிபூரையும் இணைக்கும் அந்தமான் நெடுஞ்சாலை பின்னர் இதே காட்டின் வழியாக அமைக்கப்பட்டது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இச்சாலையில், ஜிர்காட்டாங்கிற்கும் நடு நீரிணைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் ஜாரவா மக்களின் வாழிடத்தை ஒட்டியும் ஊடுருவியும் செல்கிறது.

1997ஆம் ஆண்டின் இறுதிவரை ஜாரவா மக்கள் வெளியாரை அம்பெய்து விலக்கியே வந்தனர். அதன் பின்னர் அவர்கள் தாமாகவே பகலில் குடியேற்றக் கிராமங்களுக்கும் சாலைக்கும் வரத் தொடங்கினர். சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் காணச் செல்லும் சுற்றுலாப் பயணிகளில் பலருக்கு, வழியில் ஜாரவா மக்களைக் ‘காண்பதே’ பயணத்தின் நோக்கமாயிற்று.

சாலையின் இப்பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு மே மாதம் ஆணையிட்டது. எனினும் சாலை முழுமையாக மூடப்படவில்லை. ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் ஆகிய ஊர்களின் மக்களுக்கு மருத்துவமனை, அங்காடி, அலுவலகம் ஆகிய அனைத்துக்கும் அதுவே வழி என்பது நிர்வாகத்தின் வாதமாக இருந்தது. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியும் பார்வையாளர் வண்டியும் ஒரே சாலையில் செல்வதுதான் சிக்கலின் வேர்.

கண்ணாடித் தகட்டிலிருந்து கைபேசி வரை

அந்தமானியரைப் படம் பிடிப்பது புதிய வழக்கமன்று. 1890களில், அந்தமானியர் பொறுப்பு அலுவலராக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்காக அவர்களைப் பெரும் எண்ணிக்கையில் படம் எடுத்தார். உடலமைப்பைப் பதிவு செய்வது அவரது நோக்கங்களுள் ஒன்று. 1974ஆம் ஆண்டில் திரைப்படப் பிரிவு இத்தீவுகளின் தொல்குடிகளைப் பற்றி ஓர் ஆவணப் படம் தயாரித்தது. அதற்காக வடக்கு சென்டினல் தீவை அணுகிய குழுவின் இயக்குநரது தொடையில் அம்பு பாய்ந்தது. படம் எடுக்க வந்தவருக்கு அம்மக்கள் அளித்த விடை அதுவே எனலாம்.

அக்காலத்துப் படப்பிடிப்புக்கு இயற்கையான சில வரம்புகள் இருந்தன. கருவி கனமானது, விலை மிக்கது, இயக்கத் தேர்ச்சி வேண்டும். எடுத்த படம் அச்சேறவும் மக்கள் கைக்குச் செல்லவும் மாதங்கள் ஆகும். எனவே யார் எடுத்தார், எங்கே வைத்துள்ளார் என்பதை அறிய முடிந்தது. அதிகாரம் உடைய சிலரைக் கட்டுப்படுத்தினால் போதும் என்ற நிலை இருந்தது.

நுகர்பொருளாக மாறிய காமிரா இவ்வரம்புகளை ஒவ்வொன்றாக நீக்கியது. மேலைநாட்டு வரலாறும் இதையே காட்டுகிறது. 1888ஆம் ஆண்டில் கையில் எடுத்துச் செல்லத்தக்க கோடாக் காமிரா விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890இல், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் அந்தரங்கத்தைத் தனி உரிமையாகச் சட்டம் ஏற்க வேண்டும் என்று வாதிடும் கட்டுரையை ஹார்வர்டு சட்ட இதழில் வெளியிட்டனர். உடனுக்குடன் படம் பிடிக்கும் கருவியும் செய்தித்தாளும் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர்களது கவலை. அந்தரங்க உரிமை பற்றிய சட்டச் சிந்தனை, ஒரு நுகர்பொருளின் பரவலோடு சேர்ந்தே வளர்ந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

கைபேசியில் காமிரா இணைந்தபோது அடுத்த கட்டம் தொடங்கிற்று. அந்தமானில் இதற்குத் துணையாக வந்தது கடலடிக் கம்பிவடம். முன்பு தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. நீண்ட காட்சிப் படம் ஒன்றை அனுப்புவது எளிதாக இல்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பிற ஏழு தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்தில் அமைக்கப்பட்ட ஒளியிழை வடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. தீவுவாழ் மக்களின் கல்வி, மருத்துவம், வாணிபம் ஆகியவற்றிற்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. அதே வடம், காலையில் காட்டுச் சாலையில் எடுத்த படத்தை மாலைக்குள் உலகெங்கும் பரப்பவும் வல்லது.

2012ஆம் ஆண்டின் அதிர்ச்சி

2012ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரிட்டனின் ‘தி அப்சர்வர்’ ஞாயிறு இதழ், ஜாரவா பெண்களை உணவைக் காட்டி ஆடச் சொல்வதாக அமைந்த ஒரு காட்சிப் பதிவை வெளியிட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டில் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் அத்துமீறி நுழைவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழி ஏற்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் இச்சாலையைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்து, மார்ச்சு மாதத்தில் அதனை விலக்கிக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. படம் பிடிக்கும் ஆசையே பிற தீங்குகளுக்கும் வாயிலாகிறது. அருகில் வரவழைப்பதற்காகப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் வீசப்படுகின்றன. உணவைத் தேடிச் சாலையோரம் நிற்கும் வழக்கம் உருவாகிறது. நெருங்கிய தொடர்பால் நோய் தொற்றுகிறது. 1877ஆம் ஆண்டில் பரவிய தட்டம்மை பெரிய அந்தமானியரின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவர்களுள் எஞ்சியவர் 19 பேரே. 1999ஆம் ஆண்டில் ஜாரவா மக்களிடையேயும் தட்டம்மை தோன்றியது. இத்தகைய சமுதாயத்தில் அந்தரங்கம் என்பது உயிர்ப்பாதுகாப்போடு பிணைந்த ஒன்றாகும்.

படத்துடன் செல்லும் விவரங்கள்

கைபேசிப் படம் என்பது கண்ணுக்குத் தெரியும் காட்சி மட்டுமன்று. எடுத்த நாள், நேரம், கருவியின் வகை ஆகியவை அக்கோப்பிலேயே பதிவாகின்றன. இருப்பிடத்தைப் பதியும் வசதி இயங்கினால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளும் உடன் சேர்கின்றன. ஆகவே இத்தகைய சில படங்களை ஒப்பிட்டால், ஒரு குழு எந்த நேரத்தில் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறது என்பதைக் கண்டறியலாம். காட்டுப் பன்றியையும் மானையும் திருட்டுத்தனமாக வேட்டையாடுவோருக்கும், ‘ஜாரவா தரிசனம்’ என்று மறைமுகமாகப் பயணம் விற்போருக்கும் இது பயன்படும் செய்தி.

மேலும், பல கைபேசிகள் எடுத்த படத்தைத் தாமாகவே தொலைவிலுள்ள சேமிப்பகத்திற்கு அனுப்பிவிடுகின்றன. சோதனைச் சாவடியில் கைபேசியை வாங்கிப் படத்தை அழித்தாலும், அதன் படி வேறிடத்தில் இருக்கக்கூடும். ஒரு தளத்திலிருந்து நீக்கிய காட்சி மற்றொரு தளத்தில் வேறு தலைப்பில் தோன்றுகிறது. முகத்தை அடையாளம் காணும் மென்பொருளும், ஒருவரது உருவத்தைக் கொண்டு நடவாத காட்சியைப் படைக்கும் செயற்கை நுண்ணறிவும் இன்று சாதாரண நுகர்வோருக்கும் கிட்டுகின்றன. எனவே பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த படம் பழையதாகிவிடுவதில்லை. புதிய கருவிகள் அதிலிருந்து புதிய தீங்கை விளைவிக்க முடியும்.

தொலைவில் உள்ள தீவுகளும் இதற்கு விலக்கல்ல. 2025ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் 24 வயது அமெரிக்கர் ஒருவர் சிறு மோட்டார் படகில் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு தேங்காயையும் குளிர்பானம் ஒன்றையும் வைத்துவிட்டு, தம் செயலைக் காட்சிப் படமாகவும் பதிவு செய்துகொண்டு திரும்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். இணையத்தில் காண்போரின் எண்ணிக்கையே புகழாக மாறும் காலத்தில், மனிதர் நுழையக் கூடாத இடமே மிகுந்த விலைமதிப்புள்ள காட்சியாகிவிடுகிறது.

சட்டங்களின் நிலை

இவ்வகைப் படங்களுக்கு எதிராகப் பயன்படும் சட்டங்கள் பல உள்ளன. 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அவற்றுள் முதன்மையானது. 2017ஆம் ஆண்டில் தேசியப் பழங்குடியினர் ஆணையம், யூடியூப் தளத்திலுள்ள ஜாரவா மக்களின் ஆட்சேபத்திற்குரிய காட்சிகளை நீக்கவும், அவற்றை ஏற்றியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உள்துறை அமைச்சகத்தையும் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தையும் கேட்டுக்கொண்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டன.

இவற்றுள் 67ஆவது பிரிவு ஆபாசம் பற்றியது. இங்குதான் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வினா எழுகிறது. ஜாரவா மக்களின் உடை அவர்களது வழக்கம். அதில் ஆபாசம் ஏதுமில்லை. ஆபாசச் சட்டத்தின் வழியே மட்டும் அவர்களைக் காக்க முற்பட்டால், குற்றம் படம் எடுத்தவரது செயலிலிருந்து படத்திலுள்ளவரது உடலுக்கு மாறிவிடுகிறது. அந்தரங்க உரிமையின் நோக்கு வேறானது. உடல் எவ்வாறு உள்ளது என்பதை அது கேட்பதில்லை. உரியவரின் விருப்பத்தைக் கேட்டு எடுத்தார்களா என்பதையே கேட்கிறது. முழுதும் உடுத்திய ஜாரவா சிறுவன் ஒருவனின் படமும் இந்நோக்கில் அத்துமீறலே.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், நீதிபதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பகுதி என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை கல்வியையோ சொத்தையோ பொறுத்ததன்று. ஆகவே காட்டில் வாழும் குடிமகனுக்கும் அது உண்டு.

ஒப்புதல் யாரிடம் பெறுவது?

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது. அதற்கான விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தன்னிச்சையானதாகவும், செய்தியறிந்து தருவதாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது சட்டம். அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறவும் வழி செய்கிறது. ஜாரவா மக்களின் மொழி அவ்வட்டவணையில் இல்லை. அம்மொழியில் வழிவழியாக எழுத்து வழக்கும் இல்லை.

மொழி தெரிந்தால் மட்டும் போதுமா என்பதும் வினாவே. காமிராவுக்கு முன் சிரித்து நிற்கும் இளைஞன் ஒப்புதல் தந்துவிட்டான் என்று பயணிகள் வாதிடுவதுண்டு. அவன் ஒப்பியது தன் கண்முன் நடந்த செயலுக்கு மட்டுமே. அப்படம் எங்கே செல்லும், எத்தனை பேர் காண்பர், எவ்வாறு திரிக்கப்படும் என்பதை அறியாதவன் அவற்றுக்கு ஒப்பியவனாக மாட்டான். ஒரு பிஸ்கட் பொட்டலத்திற்கு ஈடாகப் பெறும் ஒப்புதல் நிபந்தனையற்றதும் அன்று.

சட்டத்தின் மற்றொரு வரம்பையும் அலுவலர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தரவுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ‘குடும்ப நினைவுக்காக எடுத்தேன்’ என்று கூறும் பயணி இந்த விலக்கை நாடக்கூடும். எனவே இத்தீவுகளைப் பொறுத்தவரை பொதுவான தரவுச் சட்டம், 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்திற்குத் துணையாகலாமே தவிர, மாற்றாகாது.

‘பொதுச் சாலையில் நிற்பவரைப் படம் எடுப்பதில் தவறென்ன?’ என்பது இன்னொரு வாதம். நகரத்தில் ஒருவர் வீட்டை விட்டு வெளியேறித் தெருவுக்கு வருகிறார். இங்கோ, தெருதான் அவர்களது வீட்டுக்குள் வந்துள்ளது. தம் காட்டின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்ல அவர்கள் அதைக் கடந்தே ஆக வேண்டும். அவர்கள் பொது இடத்திற்கு வந்தனர் என்று கருதுவது பொருந்தாது.

அரசின் கையிலுள்ள காமிரா

பயணிகளை மட்டும் குறை கூறுவது முழுமையான ஆய்வாகாது. போர்ட்மன் காலம் முதல் ஆவணப் படக் காலம் வரை, காமிரா அதிகாரத்தின் கையிலேயே இருந்தது. நலத்திட்டப் பணிகளில் இன்றும் பதிவுகள் தேவைப்படுகின்றன. மருத்துவக் குறிப்பு, தடுப்பூசிப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு ஆகியவை இன்றி அவர்களது உடல்நலத்தைக் கண்காணிக்க இயலாது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஜாரவா மக்களுள் 19 பேர் முதன்முறையாக வாக்காளர் அடையாள அட்டை பெற்றனர். அவ்வட்டை புகைப்படம் தாங்கியது. குடியுரிமையின் பயனாக வரும் இத்தகைய படத்தையும், வேடிக்கைக்காக எடுத்த படத்தையும் ஒன்றாகக் கருத முடியாது.

வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. எந்தத் தேவைக்காக எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே படம் பயன்பட வேண்டும். தேவை முடிந்தபின் யார் அதைக் காணலாம் என்பது வரையறுக்கப்பட வேண்டும். அலுவலகச் சுவரொட்டியிலும் ஆண்டறிக்கையின் அட்டையிலும் அவர்களது முகத்தை அச்சிட்டுவிட்டு, பயணிகளிடம் ‘படம் எடுக்காதீர்’ என்று கூறுவது முரணாகும். காவலுக்காகச் சாலையோரம் பொருத்தப்படும் காமிராவும் வாகனங்களை நோக்கி அமைய வேண்டுமேயன்றிக் காட்டை நோக்கி அமைதல் கூடாது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பயணிகளைச் சாலையிலிருந்து பிரிக்க வேண்டும். பாராடாங்கிற்குக் கடல் வழியே சென்றுவரும் சுற்றுலாப் பயணியால் காட்டு மக்களுக்கு இடையூறு இல்லை. சாலை தீவுவாசிகளின் இன்றியமையாத் தேவைக்கு மட்டும் எஞ்சுமானால், கண்காணிக்க வேண்டிய கைபேசிகளின் எண்ணிக்கையே குறையும்.

இரண்டாவதாக, பொறுப்பைப் படம் எடுப்பவரோடு நிறுத்தாமல், வண்டியை மெதுவாக்கும் ஓட்டுநருக்கும், ‘காட்டுகிறேன்’ என்று ஆசை காட்டும் பயண முகவருக்கும் விரிவாக்க வேண்டும். சென்னை, கொல்கத்தா முதலிய நகரங்களில் விற்கப்படும் பயணத் திட்டங்களிலேயே இவ்விதிகளை அந்தந்த மொழியில் அச்சிடுதல் பயன் தரும். தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் தீவுகளில் தமிழிலும் அறிவிப்புப் பலகைகள் இருத்தல் நன்று.

மூன்றாவதாக, இணையத்தில் உள்ளவற்றை நீக்குவதற்கு நிலையான ஏற்பாடு வேண்டும். 2021ஆம் ஆண்டு வெளியான இடைநிலையாளர் விதிகள், ஒருவரது உடலை அவமதிக்கும் வகையில் வெளிப்படுத்தும் காட்சிகள் குறித்து அவரோ அவர் சார்பில் வேறொருவரோ முறையிடவும், மணிக்கணக்கில் அளவிடப்படும் காலக்கெடுவுக்குள் அவற்றை நீக்கவும் வழிவகுத்தன. முறையிடத் தெரியாத மக்களின் சார்பில் முறையிடும் கடமையை, பழங்குடி நலத் துறையில் ஓர் அலுவலரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்கலாம்.

நான்காவதாக, ஜாரவா மக்களுக்கே காமிரா என்றால் என்ன, படம் எங்கே செல்கிறது என்பதை அவர்களது மொழியில், பழகிய பணியாளர்கள் மூலம் விளக்க வேண்டும். இளைய தலைமுறையினர் வெளியுலகை ஓரளவு அறிந்துள்ளனர். அவர்கள் சார்பில் பிறரே என்றென்றும் முடிவு செய்வது நோக்கமாக இருக்க முடியாது. வேண்டாம் என்று கூறவும், ஒரு நாள் விரும்பினால் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளவும் அவர்கள் வலிமை பெறுவதே முடிவான பாதுகாப்பு.

1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியவர்கள் காட்டுக்குள் நுழையும் மனிதரைத் தடுக்க எண்ணினர். அன்றைய நிலையில் அது போதுமானதாக இருந்தது. இன்று காட்டுக்குள் கால் வைக்காமலே நுழைய முடிகிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து விடியற்காலையில் புறப்படும் ஒவ்வொரு வண்டியிலும் அத்தகைய நுழைவுக் கருவிகள் பல உள்ளன. அவை அனைத்தையும் பிடுங்கி வைக்கப் போதுமான காவலர் எந்த நாட்டிலும் இல்லை. அறியாதவரின் உருவம் தனக்கு உரியதன்று என்ற உணர்வு கைபேசி வைத்திருப்பவரிடம் உண்டாகும் அளவுக்கே ஜிர்காட்டாங் சாவடியின் விதிகளும் பயன் தரும்.